காலி மணல்

"யாருக்கும் தெரியாத கடற்கரை" என்று தலைப்பு வைத்த வீடியோக்கள் எல்லாம் ஒரே அச்சு. முதலில் டிரோன் மேலே எழும். சவுக்குத் தோப்பு, வெளுத்த மணல், பச்சை நீர். ஓரத்தில் நான்கைந்து ஃபைபர் படகுகள், அழகுக்காகச் செய்து வைத்த பொம்மைகள் மாதிரி. பிறகு ஒருவர் கூலிங் கிளாஸோடு வந்து நின்று, "இங்க ஒரு ஆள்கூட இல்ல பாருங்க" என்பார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா அன்னக்கூடையைச் சுமந்துகொண்டு நடந்து போய்க்கொண்டிருப்பார்.

அந்தப் படகுகள் யாருடையவை? யாருக்கும் தெரியாத கடற்கரையில் அவற்றை யார் கொண்டுவந்து ஏற்றி வைத்தார்கள்? இந்தக் கேள்வி கமெண்டில்கூட வருவதில்லை. "லொகேஷன் ப்ளீஸ்" என்றுதான் வரும்.

நான் மூன்று வருடங்களாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறேன். கோடு எழுதுவது தொழில். காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் என் மைக் வழியாக மீன் ஏலம் கேட்கும், பெங்களூரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கடலோரம் போய்த் தங்கி வேலை பார்ப்பது, மனை வாங்குவது, வார இறுதிக்கு வில்லா பிடிப்பது என்று என் வயதுக்காரர்கள் ஒரு கூட்டமே இப்போது கரையை நோக்கி வருகிறது. வரட்டும். வரும்போது கையோடு கொண்டுவருகிற ஒரு நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை: மணல் காலியாகக் கிடக்கிறது என்ற நம்பிக்கை.

முதலில் பெயர்களைப் பாருங்கள். புதுச்சேரிக்கு வடக்கே 'செரினிட்டி பீச்' என்று ஓரிடம் இருக்கிறது. அலைச்சறுக்குப் பலகையோடு படம் எடுத்துப் போடாதவர்கள் குறைவு. அந்த இடத்தின் பெயர் தந்திராயன்குப்பம். கூகுள் வரைபடத்தில் எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குப்பம் என்ற சொல் மேல் நமக்கு இருக்கும் ஒவ்வாமைக்கு ஆங்கிலத்தில் 'அமைதி' என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

தனுஷ்கோடி இன்னும் மோசம். 1964 டிசம்பர் புயலில் அழிந்தது, அரசு வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது, எனவே 'பேய் நகரம்'. சிதைந்த தேவாலயத்தின் முன்னால் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்டது பார்க்க வருகிறவர்களுக்காக. பேய்களிடம் சங்கு மாலையும் பொரித்த மீனும் வாங்கித் தின்றுவிட்டு, ஊர் காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம்.

மணல் எப்படிக் காலியாகத் தெரிகிறது என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. நாம் போகும் நேரம் அப்படி. மாலை நாலரைக்குப் போய் ஆறரைக்குத் திரும்புகிறவருக்கு அது காலி மணல்தான். விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். டார்ச் வெளிச்சம், டீசல் வாசனை, படகைத் தள்ளும் ஆட்கள். ஏழு மணிக்குப் பாடு திரும்பும். மணலே ஏலக்கூடம். வாங்கிய பெண்கள் ஐஸ் போட்டு ஷேர் ஆட்டோ பிடித்து சந்தைக்கு ஓடுவார்கள். பத்து மணிக்குமேல் வலையை உதறி, சிக்கிய குப்பையை எடுத்து, கிழிந்த கண்ணைப் பின்னுவார்கள். அதே மணல் இப்போது பட்டறை. உச்சி வெயிலில் ஒரு பக்கம் நெத்திலி காயும். மூன்று மணிக்குமேல் பையன்களின் கிரிக்கெட். கோடைக்கால இரவில் பாதி ஊர் அங்கேதான் பாய் விரிக்கும். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை ராத்திரியில் பங்குனி ஆமைகள் ஏறிவந்து முட்டையிடும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். ஒரே இடத்தை இத்தனை பேர் நேரம் பிரித்துப் பயன்படுத்த வேண்டுமானால் வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். நாம் மெமரியை அப்படித்தான் பயன்படுத்துகிறோம், விடுவித்த மெமரியை யாருமற்றது என்று சொல்வதில்லை.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? படகில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு குழுக்கள் தொலைவில் நின்று இழுக்கத் தொடங்கி, இழுக்க இழுக்க ஒருவரை நோக்கி ஒருவர் நெருங்கி வருவார்கள். இதற்கு நீண்ட, தடையில்லாத மணல் வேண்டும். நடுவில் ஒரு காங்கிரீட் படிக்கட்டு, நாலு குடை, ஒரு மரத் தளம் வந்தால் போதும், அந்த இடத்தில் கரைவலை செத்தது. அதற்கு யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை, கேஸ் போட வேண்டியதில்லை.

வருவாய்த்துறைக் கணக்கில் பெரும்பாலான மணல் புறம்போக்கு. ஊருக்குப் பொது என்பதற்கு நம் மொழியில் இருந்த கௌரவமான சொல்லாக இருந்திருக்கும், இன்று 'யார் வேண்டுமானாலும் வளைக்கலாம்' என்பதற்கான சமிக்ஞையாகிவிட்டது. திட்டு வார்த்தையாகவும் ஆகிவிட்டது. குப்பத்துக்காரர் தலைமுறை தலைமுறையாக வலை காயவைத்த இடத்துக்குப் பட்டா கிடையாது. பின்னால் இருக்கும் தோப்பை வாங்கியவரிடம் பத்திரம் இருக்கிறது. தோப்புக்கு முன்னால் இருக்கும் மணலும் தன் மனையோடு இலவசமாக வந்த 'வியூ' என்று அவர் நினைத்துக்கொள்கிறார். விற்பவரும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்றது. 2011-ல் திருத்தி எழுதினார்கள். 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கையில், 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்குமேல் வசிக்கும் ஊர்ப்புறங்களில் அந்த 200 மீட்டர் 50 ஆகச் சுருங்கியது. மீனவர் வீட்டுத் தேவைக்கும் இது உதவும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் கடற்கரைக் கிராமத்தில் நெருக்கம் யாரால்? ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் குப்பத்தால். குப்பம் நெருக்கியடித்து வாழ்வதைக் காரணம் காட்டி, கடலுக்கு 150 மீட்டர் அருகே வரும் உரிமை பொதுவாகத் திறந்துவிடப்படுகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தக் கையில் காசு வைத்திருப்பவர் யார் என்பதை ஊகிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம்.

இதற்கு முன்னால் இன்னொரு கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் தமிழக அரசு அரசாணை 172-ஐப் போட்டது. 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் தள்ளிப் போகச் சம்மதித்தால் புது வீடு. போகமாட்டேன் என்றால் சொந்தக் காசில் செப்பனிட்டுக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. பார்த்தால் நியாயமான தேர்வு போலத்தான் இருக்கும், பிணத்தைப் புதைத்துவிட்டு வந்தவரிடம் நீட்டப்பட்ட தேர்வு என்பதை மறந்துவிட்டால். சென்னைக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் செம்மஞ்சேரி அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலை, ஐ.டி. கம்பெனிகளின் தெரு. எங்கள் ஆட்கள் கேப் பிடித்து அந்தப் பக்கமாகத்தான் போய் வருகிறார்கள். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் தெண்டியா வன்னியா என்று கரையில் நின்று பார்த்துவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற மனிதர், நான்காவது மாடி ஜன்னலிலிருந்து எதைப் பார்த்து முடிவெடுப்பார்? மீனவரை ஆபத்து என்று சொல்லி உள்ளே தள்ளுகிறோம். அதே ஆபத்துக்கு 'பீச் ஃபிரண்ட்' என்று பெயர் வைத்துச் சதுர அடிக்கு விலை ஏற்றுகிறோம்.

இனி மணலைப் பற்றி. இது பொறியியல் படித்தவர்களுக்குப் புரிய வேண்டிய விஷயம், ஏனோ வில்லா வாங்கும்போது மட்டும் மறந்துபோகிறது. மணல் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் அது தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வருடக் கணக்கில் வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் எதையாவது நீட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். மெரினாவே இப்படி வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டியதால் தெற்கே மணல் குவிந்து நாம் சுண்டல் தின்னும் அகலம் கிடைத்தது. விலையை வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கொடுத்தன.

புதுச்சேரியில் இது நம் கண்முன்னால் நடந்தது. அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கல் நீட்டினார்கள். நகரத்தின் கடற்கரை மறைந்தது. பிறகு பாறாங்கல் கொட்டிச் சுவர். அந்தச் சுவரையும் 'ராக் பீச்' என்று சுற்றுலாத் தலமாக்கியதில் நம் திறமை விளங்கும். கல் போட்ட இடத்தில் அரிப்பு நிற்கவில்லை, வடக்கே தள்ளிப் போனது. வைத்திக்குப்பம், சோலை நகர், அதைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். நகரத்தின் முன்னால் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள், நல்லது. குப்பங்களுக்குக் கிடைத்தது அவரவர் கல்.

இப்போது இதையே சிறிய அளவில் யோசியுங்கள். ஒருவர் மணல் ஓரத்தில் மதில் கட்டுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் கடல் மணலை உள்ளே இழுக்கும், பிறகு நல்ல பருவத்தில் திருப்பித் தரும். இது வருடாவருடம் நடக்கும் கொடுக்கல் வாங்கல். குப்பத்துக்காரர் படகை மேலே ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார். மதிலால் காத்திருக்க முடியாது. அதன் காலடியில் குழி விழும். சொந்தக்காரர் லாரியில் கல் கொண்டுவந்து போடுவார். கல்லில் அடித்த அலை பக்கத்தில் இருப்பவரின் மணலைத் தோண்டும். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் குப்பம். "கடல் கோபமா இருக்கு" என்று இதற்குக் கவித்துவமான தலைப்பு வைப்போம்.

இதெல்லாம் பொதுவான விஷயங்கள். என் ஊரில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். குப்பத்துக்குத் தெற்கே ஒரு வில்லா லேஅவுட் வந்து நாலைந்து வருடம் ஆகிறது. வாங்கியவர்களில் பாதிப்பேர் என் தொழில்காரர்கள், சிலரோடு ஷட்டில் விளையாடுகிறேன். அவர்கள் சங்கம் ஊராட்சிக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறது. கருவாடு காயப் போடுவதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், துர்நாற்றம், சுகாதாரக் கேடு, குழந்தைகளுக்கு ஒவ்வாமை. இன்னொரு வரியில், லேஅவுட் ஓரமாகக் கடலுக்குப் போகும் பாதையில் 'பாதுகாப்பு கருதி' சங்கிலி போட அனுமதி வேண்டும். படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி எனக்கும் வாட்சப்பில் வந்தது. போட மறுத்து ஏன் என்று எழுதினேன். "ப்ரோ, நீங்க ரொம்ப எமோஷனலா பார்க்கிறீங்க" என்று பதில்.

காயப் போடும் அக்காவிடம் மனுவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. நெத்திலியைப் புரட்டிக்கொண்டே, "அவுங்க வர்றதுக்கு முன்னாடியும் காத்து இப்டித்தான் அடிச்சுது தம்பி. மனை வாங்க வந்தப்போ மூக்க எங்க வெச்சிட்டு வந்தாங்களாம்?" என்றார்.

"வேற இடம் குடுத்தா போவீங்களாக்கா?"

"எங்க குடுப்பாங்க? ரோட்டுக்கு அந்தாண்ட. வீட்டுல அடுப்புல ஒல கொதிக்கும், இங்க காக்கா வரும். ரெண்டையும் ஒருத்தி பாக்கணும்னா வீட்டு வாசல்ல இருந்து மணல் தெரியணும். உனக்குத் தெரியாதா?"

கருவாடு ஏலத்தில் விலை போகாத மீனைக் காப்பாற்றும் வழி. பாடு அதிகமாகி விலை விழும் நாளில் பெண்களின் கையில் இருக்கும் ஒரே சேமிப்பு அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. சந்தையில் மீன் குறையும் அந்த நாட்களில் கருவாட்டுக்கு விலை உண்டு. இதை வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அந்தச் சேமிப்பு போய்விடும். மனுவில் இது 'வேறிடத்துக்கு மாற்றுதல்' என்ற இரண்டு சொற்கள்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. நற்றிணையின் 45-ஆவது பாட்டில் தோழி இதே பேச்சைத்தான் பேசுகிறாள். நகரத்துச் செல்வனின் தேரேறும் மகன் வந்து நிற்கிறான். இவர்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். எங்கள்மேல் வாடை அடிக்கும், தள்ளியே நில் என்று அவனிடம் சொல்கிறாள். விலகி நிற்க வேண்டியவன் வந்தவன். நாம் இந்தத் திணையை மேடையில் மெச்சிவிட்டு, நிஜத்தில் காய்கிற மீனைத் தள்ளி வைக்கச் சொல்லி மனு எழுதுகிறோம்.

வேலைவாய்ப்பு என்பார்கள். லேஅவுட்டால் பதினைந்து பேருக்கு வேலை கிடைத்திருப்பதாக ஷட்டில் நண்பர் சொன்னார். காவல், பெருக்குதல், நீச்சல்குளம் கழுவுதல். இருக்கட்டும். ஆனால் படகில் போகிறவருக்குச் சம்பளம் இல்லை, பங்கு. பிடித்ததைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் என்று பிரிப்பார்கள். மோசமான நாளில் ஒன்றும் இருக்காது, அது உண்மைதான். ஆனால் பங்குக்காரரை வாட்ச்மேன் ஆக்கிவிட்டு வேலை கொடுத்தேன் என்பது, ஒரு ஸ்டார்ட்டப்பில் பங்கு வைத்திருப்பவரை அதே அலுவலகத்தில் ரிசப்ஷனில் உட்கார வைத்துவிட்டு வேலை கொடுத்தேன் என்பது மாதிரி. எங்கள் ஆட்களுக்கு இந்த உவமை உடனே புரியும் என்று நம்புகிறேன்.

மாறாக கோவளத்தில் அலைச்சறுக்கு வந்தபோது ஊர்ப் பையன்களே பலகை ஏறினார்கள், பயிற்சியாளர்கள் ஆனார்கள், போட்டிகளில் ஜெயித்தார்கள். அங்கே மணலை யாரும் மூடவில்லை. கடல் தெரிந்தவரின் அறிவுக்கே அங்கே விலை கிடைத்தது. வெளியார் வருவதே தீமை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குப்பத்துக்காரர்கள் புனிதர்கள் என்றும் சொல்லவில்லை. ஆமைகளைக் கொல்வது இழுவை வலைகள்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் பேச இடமில்லை. எங்கள் ஊரில் தோப்பை விற்க நடுவில் நின்று கமிஷன் வாங்கியவர் ஊர்க்காரரே. இதெல்லாம் ஊருக்குள் சண்டை போட வேண்டிய விஷயங்கள், சிலர் போடுகிறார்கள். அதற்கும் மதிலுக்கும் சம்பந்தமில்லை.

இந்த மனு புதிதும் அல்ல. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களை அகற்றப் போய் அது துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அப்புறப்படுத்தப்பட்டன. சாலை வந்தது மீனவர் குப்பங்களின் நடுவே. பிறகு மீன் சாலைக்கு இடைஞ்சலானது. போராட்டம் நடந்தது, 2024-ல் சாலையோரம் ஒரு நவீன மீன் அங்காடி கட்டிக் கொடுத்தார்கள். கூரை, தண்ணீர்க் குழாய், வடிகால் எல்லாம் உண்டு. சாலை சாலையாகவே இருக்கிறது. ஊர் நடுவே வந்தது கார்தான்.

அப்போ கடற்கரைக்கே வரக்கூடாதா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக வரலாம். எந்தக் குப்பத்திலும் மணலில் நடந்ததற்காக யாரையும் விரட்டி நான் பார்த்ததில்லை. சங்கிலி கேட்பது லேஅவுட்தான். விடியற்காலையில் வந்து ஏலத்தில் மீன் வாங்குங்கள். வலைமேல் மிதித்து நடக்காதீர்கள், படகில் ஏறிப் படமெடுக்கும் முன் கேளுங்கள். ஊரை அதன் பெயரால் எழுதுங்கள். தங்க வேண்டுமென்றால் ஊருக்குள் அறை கேளுங்கள். 2019 அறிவிக்கையே உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டின் அளவை மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்க இடம் தருகிறது. மனை வாங்கியே தீர வேண்டும் என்றால் புயல் எச்சரிக்கை வரும் இரவில் படகுகள் எந்த வழியாக மேலே ஏறும் என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் மனை அந்த வழியில் இருந்தால் வாங்காதீர்கள். ஆமை ஏறும் மாதங்களில் கடலைப் பார்த்த விளக்கை அணையுங்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ரோட்டுக்கு ஏறுகின்றன.

எங்கள் மனு இப்போது ஊராட்சி அலுவலகத்தில் கிடக்கிறது. மே 1 கிராமசபையில் எடுப்பார்கள் என்று கேள்வி. லேஅவுட்காரர்களில் பலருக்கு ஓட்டு அடையாறிலும் அண்ணா நகரிலும் இருக்கிறது, அதனால் வரமுடியாது. வக்கீல் வழியாகக் கடிதம் அனுப்பப்போவதாக வாட்சப்பில் பேசிக்கொள்கிறார்கள். நான் போன வருடமே ஓட்டை இங்கே மாற்றிவிட்டேன். அக்காவையும், பக்கத்தில் காயப் போடும் நான்கு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். "ஏலம் முடிய பத்தாயிடுமே, அதுக்கப்புறம் வெச்சா வர்றோம்" என்றார்கள். நேரத்தை மாற்றக் கேட்டு இன்று காலை ஊராட்சிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.